பசிக்கும் வசந்தம்

'பருவத்துக்கேற்ற உணவு' என்று பாடம் எடுத்தால் பள்ளிப் பிள்ளைகள் கொட்டாவி விடுறாங்க. அதனால் நான் அமெரிக்காவின் பிளைமவுத் கதையைச் சொல்கிறேன்.

1620 டிசம்பர், கடும் பனி. கப்பலில் வந்த 102 ஆங்கிலேயரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்தக் குளிர்காலத்திலேயே நோயில் மடிந்தார்கள். மறுவருஷம் மக்காச்சோளம் போடக் கற்றுக்கொடுத்தது அங்கிருந்த பழங்குடியினர்தான். தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும், அடியில் பூசணி படரும். நம்ம கலப்புப் பயிரேதான்!

அடுத்தடுத்த தலைமுறைகள் பூசணியைக் கீற்றுப்போட்டு உலர்த்தி, ஆப்பிளை வற்றலாக்கி, கிழங்கை நிலவறையில் வைத்துப் பனிக்காலத்தை ஓட்டின. ஆனால் கையிருப்பு கரைந்து, புது விளைச்சலும் வராத வசந்தத்தில்தான் பசி.

இதைக் கேட்டதும் ஒரு சிறுமி, "அப்ப விதைச்சோளத்தைத் தின்னாம எப்படித் தாத்தா வச்சிருந்தாங்க?" என்றாள்.