நிலம் இழுபட்ட திசையைச் சொல்லும் பாறைச் சுவர்கள்

ஸ்கொட்லாந்தின் அரன் தீவில், தெற்குக் கரையோரமாகக் கடல் வற்றும்போது கரும்பாறைச் சுவர்கள் வரிசையாக வெளித்தெரிகின்றன. இவை மனிதர் கட்டியவை அல்ல. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பாறைக்குழம்பு நிலத்தின் வெடிப்புகளுக்குள் புகுந்து இறுகியதால் உருவானவை. புவியியலாளர்கள் இவற்றை 'டைக்' என்கிறார்கள்.

ஒரு துணியைக் கிழக்கும் மேற்குமாக இழுத்தால், கிழிசல் வடக்குத் தெற்காக ஓடும். நிலமும் அப்படித்தான். அழுத்தம் மிகக் குறைந்த பக்கமாக நிலத்தை விலக்கிக்கொண்டே பாறைக்குழம்பு நுழைகிறது. அரனின் டைக்குகளில் பெரும்பாலானவை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்கின்றன. அப்படியானால் நிலம் வடகிழக்கும் தென்மேற்குமாக இழுபட்டிருக்க வேண்டும். வட அத்திலாந்திக் சமுத்திரம் திறந்துகொண்டிருந்த காலப்பகுதி அது.

எவ்வளவு இழுபட்டது என்பதையும் அளக்கலாம். சுமார் 24 கிலோமீற்றர் நீளக் கரையில் 525 டைக்குகள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றின் தடிப்பைக் கூட்டினால் 1.6 கிலோமீற்றருக்கும் அதிகம். அந்தளவுக்கு நிலம் விலகி இடம் விட்டிருக்கிறது. அதாவது, ஏறத்தாழ 7 வீத விரிவு.

ஆனால் ஒரேயொரு டைக்கை நம்பி முடிவெடுக்க முடியாது. அது முன்பே இருந்த பழைய வெடிப்பொன்றின் வழியே போயிருக்கலாம். பின்னாளில் அந்த நிலத்துண்டே திரும்பியிருக்கலாம். அதனால்தான் வயதைச் சரிபார்த்து, பலவற்றை ஒன்றாக அளக்கிறார்கள். ஒரே காலத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான சுவர்கள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் அது நிலத்தின் சாட்சியமாகிறது.