மீன் தொட்டியில் பாசி... சக்கர் மீன் வாங்கி விட்டால் தீருமா?

கொளத்தூரில் வாங்கிய மீன் தொட்டி செங்குன்றம், காரனோடை தாண்டி புதுவாயல் வரை பத்திரமாக வந்து சேர்ந்துவிடும். பிரச்னை ஆரம்பிப்பது மூன்றாவது வாரத்தில்தான். கண்ணாடியில் முதலில் பழுப்பாக ஒரு படலம். பிறகு கல்லிலும் பிளாஸ்டிக் செடியிலும் பச்சைத் திட்டுகள். ஒருநாள் காலையில் பார்த்தால் தண்ணீரே பச்சை சர்பத் மாதிரி நிற்கும், உள்ளே கோல்டு ஃபிஷ் இருக்கிறதா என்றே தெரியாது.

உடனே பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லை சோப்புப் போட்டுத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். ரெண்டு நாள் பளபளப்பு. அப்புறம் மீன் சாகும், பாசி திரும்ப வரும்!

மீன் ஏன் செத்தது?

மீன் கழிவிலிருந்தும் மிச்சமாகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. மீனுக்கு அது விஷம். ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். சோப்பும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் அந்த பாக்டீரியாக்களைத்தான் முதலில் கொல்கின்றன. அதாவது, கழுவிய தொட்டி பார்க்கத்தான் சுத்தம். மீனுக்கு அது சாக்கடை.

பாசிக்கு வேண்டியது வெளிச்சமும் உரமும். உரம் என்றால் அந்த நைட்ரேட்டும் தீனியிலிருந்து வரும் பாஸ்பேட்டும். இரண்டில் ஒன்றைக் குறைத்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

ஷிஃப்ட் வீட்டு லைட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் தொட்டி லைட்டுக்கும் ஷிஃப்ட்தான். காலையில் பிள்ளைகள் போடுவார்கள். ராத்திரி வேலை முடிந்து வருகிறவர் கொஞ்ச நேரம் மீன் பார்க்க வேண்டும் என்று அணைக்காமல் வைத்திருப்பார்கள். கணக்குப் போட்டால் பதினாலு மணி நேரம் வந்துவிடும். பாசி அதற்கு மேல் என்ன கேட்கும்?

ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேர வெளிச்சம் போதும். அதைத் தொடர்ச்சியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. காலையில் மூன்று மணி நேரம், இரவில் நான்கு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டால் எல்லோரும் மீன் பார்க்கலாம். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் டைமர் பிளக் மாட்டிவிட்டால் யாரும் ஞாபகம் வைத்திருக்கவும் வேண்டாம். மேற்கு ஜன்னலோரம் தொட்டி இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். சாயங்கால வெயில் நேராக விழும் தொட்டியில் லைட்டை அணைத்துப் பயனில்லை.

தீனியும் அப்படித்தான். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒருமுறை. தாத்தா ஒரு பிடி, பேத்தி ஒரு பிடி என்று போட்டால் மீன் பாவம், கொழுப்பது பாசிதான்.

வாரம் ஒரு பக்கெட்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். வாரம் ஒருமுறை அதில் கால் பங்கு, அதாவது ஒரு பக்கெட் தண்ணீரை டியூப் வைத்து அடியில் இருக்கும் அழுக்கோடு உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு புதுத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஃபில்டர் பஞ்சை வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். கண்ணாடிப் பாசிக்குப் பழைய ஏ.டி.எம். கார்டு அருமையான சுரண்டி.

குழாய்த் தண்ணீர் என்றால் ஒருநாள் திறந்து வைத்தோ, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டோ ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால், வயலோரத்து போர்களில் உரத்தின் நைட்ரேட் ஏற்கெனவே கலந்திருக்கலாம். தண்ணீர் மாற்ற மாற்றப் பாசி கூடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது போரைத்தான். மீன் கடைகளில் கிடைக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

புதுத் தொட்டியின் பழுப்புப் படலத்துக்கு மருந்தே தேவையில்லை, சில வாரங்களில் தானாகப் போய்விடும். தண்ணீர் முழுக்கப் பச்சையானால் மூன்று நாள் லைட்டை அணைத்து, கனமான போர்வையால் தொட்டியை மூடிவையுங்கள். ஏர் பம்ப் மட்டும் ஓட வேண்டும். செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். மூன்றாம் நாள் முடிவில் கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட வேண்டும்.

மயில் துத்தம் போடச் சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. அதில் இருப்பது தாமிரம். அளவு கொஞ்சம் தப்பினாலும் நத்தை, இறால் முதலில், மீன் அடுத்து. அதைவிட மணி பிளான்ட் கொடி ஒன்றை வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொங்கவிடலாம். பாசிக்குப் போகும் நைட்ரேட்டை அது எடுத்துக்கொள்ளும். காசும் கிடையாது.

அந்தச் சக்கர் மீன்?

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் சக்கர், கடையில் விரல் நீளம்தான் இருக்கும். குட்டியாக இருக்கும்வரை ஓரளவு வேலை செய்யும். வளர வளர மீன் தீனிக்குப் பழகி, பாசியைச் சீண்டாது. தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த இது ஒன்றரை அடி வரை வளரும், அதுவும் தொட்டியில் கழிவைக் கொட்டிக்கொண்டே. பாசியைத் தின்ன வாங்கிய மீனே பாசிக்கு உரம் போடும் கதை இது.

இடம் போதாமல் போனதும் 'பாவம், உயிரோடு விடுவோம்' என்று ஏரியிலோ ஆற்றிலோ விடுகிறார்கள். அங்கே அது சாவதில்லை என்பதுதான் சிக்கல். தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கெனவே பெருகியிருக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், நம்மூர் மீன்களின் இரையைத் தின்னும். முள்ளும் செதிலும் எலும்புக் கவசமாக இருப்பதால் மீனவர் வலையைக் கிழிக்கும். சந்தையில் விலையும் போகாது.

இந்தப் பக்கத்து ஆரணியாறு பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் போய்ச் சேருமிடம் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. மீன், இறால், நண்டை நம்பி அங்கே ஊர் ஊராகக் குடும்பங்கள் இருக்கின்றன.

சக்கர் ஏற்கெனவே பெரிதாகிவிட்டதா? வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம். பாசி தின்ன மீன் வேண்டும் என்றே இருந்தால் மோலி நான்கைந்து விடுங்கள். கை நீளத்துக்கு வளராது, பாசியையும் கொறிக்கும். குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், அதையும் ஆற்றில் விடாதீர்கள்.