மின்னல் மீட்டும் புவி

குடத்தில் நீர் பிடிக்கும்போது எழும் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். தொடக்கத்தில் தடித்த குரலாக எழும் ஓசை, நீர் ஏற ஏற மெலிந்து உயர்கிறது. குடம் நிறையப்போவதைக் கண்ணால் பாராமல் காதால் அறிந்தே பலர் குழாயை மூடிவிடுவர். விழும் நீர் பல்வகை அதிர்வுகளை எழுப்பினாலும், குடத்தில் எஞ்சியிருக்கும் காற்றுவெளியின் நீளத்திற்குப் பொருந்தும் அதிர்வே ஓங்கி ஒலிக்கிறது. வெளி நீண்டிருந்தால் அதிர்வெண் குறையும், சுருங்கினால் மிகும். கலத்தின் அளவே ஓசையை முடிவுசெய்கிறது. இதனை ஒத்ததிர்வு என்பர்.

நாம் வாழும் புவியைச் சுற்றியும் இத்தகைய கலம் ஒன்று உண்டு. அதில் அதிர்வது காற்று அன்று, மின்காந்த அலை.

தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் கீழ்விளிம்பு உள்ளது. பகலில் அது தாழ்ந்தும் இரவில் உயர்ந்தும் அமையும். கதிரவனின் ஆற்றல்மிக்க கதிர்கள் அங்குள்ள அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுவதால், அம்மண்டலம் மின்னைக் கடத்துகிறது. கீழே உவர்நீர்க் கடலும் நிலமும் மின்னைக் கடத்துகின்றன. இடையிலுள்ள காற்றோ மிக அரிதாகவே கடத்தும். மீத்தாழ் அதிர்வெண் கொண்ட ரேடியோ அலைகளுக்கு இவ்விரண்டும் கூரையும் தரையுமாக அமைந்துவிடுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி மேலே தப்பிச்செல்வதும் இல்லை. கீழே புதைந்துபோவதும் இல்லை. இடைவெளியில் புவியைச் சுற்றி ஓடுவதே அவற்றுக்குரிய வழி.

எவ்வளவு விரைவாகச் சுற்றும்? கணக்கு எளியது. ஒளியைப் போலவே ரேடியோ அலையும் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். புவியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். வகுத்தால் ஏழரை வருகிறது. அஃதாவது, ஒரு நொடியில் ஏழரை முறை புவியை வலம்வரலாம். சுற்றிவரும் அலையின் நீளம் புவியின் சுற்றளவோடு பொருந்தினால், முகட்டின்மேல் முகடு சேர்ந்து அலை வலுப்பெறும். பொருந்தாதவை தம்மைத் தாமே மெலித்துக்கொண்டு மறையும்.

மியூனிக் நகரில் பணியாற்றிய ஜெர்மானிய இயற்பியலாளர் வின்ஃபிரைட் ஓட்டோ ஷூமன் 1952ஆம் ஆண்டு இவ்வதிர்வைக் கோட்பாட்டளவில் கணித்துக் காட்டினார். மேலே நாம் செய்த வகுத்தல் உண்மைக்கு அருகில் நம்மைக் கொண்டுசேர்க்கும் குறுக்குவழியே. புவியின் கோள வடிவத்தைக் கருத்தில்கொண்டு, எல்லைகள் குறையற்ற கடத்திகள் எனக் கொண்டால், விடை 10.6 ஹெர்ட்ஸ் என வரும். அயனி மண்டலம் அத்தகைய நிறைவான கடத்தி அன்று. அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. அலையின் வேகமும் சற்றுக் குறைகிறது. ஆகவே இயற்கையில் காணப்படும் முதல் அதிர்வு ஏறத்தாழ 7.8 ஹெர்ட்ஸ். ஒரே நரம்பை மீட்டினாலும் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் எழுவதுபோல, 14.3, 20.8, 27.3, 33.8 என அடுத்தடுத்த அதிர்வுகளும் உடன் எழுகின்றன. இவை ஷூமன் ஒத்ததிர்வுகள் எனப் பெயர்பெற்றன.

மீட்டும் விரல் எது? மின்னல். உலகம் முழுவதும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 45 மின்னல்கள் வெட்டுகின்றன என்பது செயற்கைக்கோள் பதிவுகள் தரும் மதிப்பீடு. பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் பாயும், கிலோமீட்டர் கணக்கில் நீண்ட மின்னல் கீற்று ஒவ்வொன்றும் ஓர் அலைபரப்பிக் கம்பியே. மனிதர் இவ்வலைகளை எழுப்புவது எளிதன்று. கடல்நீரில் ஆழமாக ஊடுருவும் அலைகள் இவையே என்பதால், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப அமெரிக்கக் கடற்படை 76 ஹெர்ட்ஸில் ஒரு நிலையத்தை இயக்கிவந்தது. அதற்கு விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலக் காடுகளில் நூறு கிலோமீட்டருக்கும் மிகுதியான கம்பியை இழுத்துக்கட்ட வேண்டியிருந்தது. மூன்றெழுத்துக் குறி ஒன்றை அனுப்பக் கால்மணி நேரமாகும். 2004இல் அதனை மூடிவிட்டனர். மின்னலோ எச்செலவுமின்றி இடைவிடாது மீட்டிக்கொண்டிருக்கிறது.

எனினும், அந்த நாதம் மிக மெல்லியது. அதன் காந்தப்புலம் ஒரு பிக்கோடெஸ்லா அளவினது. புவியின் காந்தப்புலத்தில் பல கோடியில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருளை ஊர்களுக்கு அப்பால், 50 ஹெர்ட்ஸ் மின்வடங்களின் இரைச்சல் எட்டாத இடத்தில் மண்ணில் புதைத்துவைப்பர். காற்றில் சுருள் சற்றே அசைந்தாலும் பதிவு கெட்டுவிடும். 1960இல் அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த பால்சர், வாக்னர் என்னும் இருவர், கணினியின் துணையால் இரைச்சலிலிருந்து இவ்வதிர்வுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினர். ஷூமன் கணித்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன.

இன்று உங்கள் கைப்பேசிக்கு வேறொரு செய்தி வந்து சேரக்கூடும்: ‘புவியின் இதயத்துடிப்பு விரைவாகிவிட்டது, அதனால்தான் நாள்கள் சுருங்கிவிட்டன’. துடிப்பு என்பது கவிஞருக்கு அழகிய உருவகம். அதனை மருத்துவக் குறிப்பாகக் கொள்வதில்தான் பிழை நேர்கிறது. குடத்தை நினைத்துப் பாருங்கள். 7.8 என்பது 15 ஆக வேண்டுமாயின், புவியின் சுற்றளவு பாதியாகச் சுருங்கியிருக்க வேண்டும். கதிரவனில் எழும் வெடிப்புகளாலும் இரவுபகல் மாற்றத்தாலும் அயனி மண்டலம் சற்றே மாறுகையில், அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸின் சிறு பின்னமளவே ஏறி இறங்குகிறது. பரப்பப்படும் படங்களில் காணும் வெண்ணிறப் பட்டைகள் அலையின் வலிமையைக் குறிப்பன. அதிர்வெண்ணின் உயர்வை அல்ல. வலிமை வேறு, அதிர்வெண் வேறு.

மெய்யாகவே பெரிதும் மாறுவது வலிமையே. அறிவியலாளர் கூர்ந்து நோக்குவதும் அதனையே. நிலம் சூடேறிய பிற்பகலில்தான் இடிமுகில்கள் திரளும். எனவே இந்திய நேரப்படி பிற்பகலில் தென்கிழக்கு ஆசியாவின் மின்னல்களும், முன்னிரவில் ஆப்பிரிக்காவின் மின்னல்களும், நள்ளிரவுக்குப் பின் தென் அமெரிக்காவின் மின்னல்களும் முறைவைத்தாற்போல் ஓங்குகின்றன. ஓரிடத்தில் புதைத்த சுருள்களே மூன்று கண்டங்களின் இடிமழைக் காலத்தையும் எழுதிவைக்கின்றன.

1992இல் ஏர்ல் வில்லியம்ஸ் என்னும் ஆய்வாளர் இப்பதிவுகளை வெப்பமண்டலப் பகுதியின் வெப்பநிலையோடு ஒப்பிட்டார். இரண்டும் இணைந்தே ஏறி இறங்கின. வெப்பநிலை சிறிதளவு உயர்ந்தாலும் மின்னல்கள் பன்மடங்கு பெருகுவதால், இவ்வலைகளை வெப்பமண்டலம் முழுமைக்குமான வெப்பமானியாகக் கொள்ளலாம் என்பது அவரது கருத்து. கடற்பரப்பிலும் அடர்காட்டிலும் வானிலை நிலையங்கள் அருகியே உள்ளன. அவ்விடங்களின் மின்னலும் இப்பதிவில் சேர்ந்துவிடுகிறது. ஒரே கருவியை ஒரே இடத்தில் பல்லாண்டுகள் இடையறாது இயக்கினாலன்றி இவ்வெப்பமானி பயன்தராது. அங்கேரி நாட்டின் நிலையமொன்றில் 1993 முதல் அப்பதிவு நடைபெற்றுவருகிறது.