ஸ்காபா ஃப்ளோவில் மிஞ்சிய ஏழு கப்பல்கள்

ஸ்காட்லாந்தின் வடக்கில், ஆர்க்னி தீவுகளுக்கு நடுவே இருக்கிறது ஸ்காபா ஃப்ளோ என்ற இயற்கைத் துறைமுகம். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியின் 74 போர்க்கப்பல்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். 1919 ஜூன் 21 அன்று உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் படகேறி வேடிக்கை பார்க்கப் போனபோது, கண்ணெதிரே அவை ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. பிரிட்டனிடம் கப்பல்களை விட்டுக்கொடுக்க மனமில்லாத அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர், அடிவால்வுகளைத் திறந்துவிட உத்தரவிட்டிருந்தார். மொத்தம் 52 கப்பல்கள் மூழ்கின.

அன்றைக்கு அவற்றில் யாரும் வரலாற்றைத் தேடவில்லை; எல்லாம் பழைய இரும்பு. 1924இல் எர்னஸ்ட் காக்ஸ் என்ற வியாபாரி, அதுவரை ஒரு கப்பலைக்கூடத் தூக்கியறியாதவர், கடற்படையிடம் விலைபேசி வாங்கிக் களத்தில் இறங்கினார். செம்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்து, குழாயில் வரும் காற்றை நம்பி இறங்கியவர்கள் ஓட்டைகளை அடைத்தார்கள். உள்ளே காற்றை அழுத்திச் செலுத்தியதும் 'மோல்ட்கே' என்ற கப்பல் கவிழ்ந்த கோலத்திலேயே மேலே வந்தது. அப்படியே இழுத்துப்போய் உடைத்தார்கள்.

இப்படி எடுத்ததுபோக ஏழு பெரிய கப்பல்கள் மிஞ்சின. அவற்றையும் விட்டுவைக்கவில்லை. 1960, 70களில் வெடிவைத்து இயந்திர அறைகளைப் பிளந்து செம்பும் பித்தளையும் அள்ளினார்கள். பின்னால் வந்த பொழுதுபோக்கு மூழ்காளர்கள் வட்ட ஜன்னலோ விளக்கோ கழற்றிக்கொண்டு போவதைத் தப்பாகவே நினைக்கவில்லை.

இன்று தண்ணீர் புகாத டிரை சூட் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. கோடையிலும் தண்ணீர் 14 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். உள்ளே கம்பளி போன்ற தடித்த உடை, கழுத்தையும் மணிக்கட்டையும் இறுக்கும் ரப்பர் பட்டை. ஏறி வரும்போது இரட்டைச் சிலிண்டரைச் சுமந்து ஏணியோடு மல்லாட வேண்டாம். படகுகளில் லிஃப்டே வைத்திருக்கிறார்கள். முன்னாட்களில் இறங்கியவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

அந்த ஏழில் ஒன்றான 'குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம்' மேல்பாரத்தால் தலைகுப்புறக் கிடக்கிறது. சுமார் 35 மீட்டர் ஆழத்தில், கவிழ்ந்த உடலுக்கு அடியில் டார்ச் அடித்தால் 12 அங்குலப் பீரங்கி தெரியும். பார்க்கலாம், படமெடுக்கலாம். 2001இல் ஏழு கப்பல்களும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகிவிட்டன. 1939இல் இதே துறைமுகத்தில் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி 830க்கும் மேற்பட்டோரோடு மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ராயல் ஓக்' பக்கம் பொழுதுபோக்குக்காகப் போகவே கூடாது, அது கல்லறை.

என்னைக் கேட்டால், சட்டம் ரொம்பத் தாமதம். வெடியில் தளர்ந்த தகடுகளைத் துரு தின்கிறது, கூரைகள் சரிகின்றன. இடிவதற்குள் அளந்து முப்பரிமாண வரைபடம் எடுத்துவிட ஆய்வாளர்கள் ஓடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கப்பல்களில் சில இன்னும் தனியார் சொத்துதான். 2019இல் ஏழில் மூன்று பெரிய போர்க்கப்பல்களை இணையத்தில் விற்பனைக்குப் போட்டார்கள். மத்தியக் கிழக்கு நிறுவனம் ஒன்று தலா 25,500 பவுண்டுக்கு வாங்கியது. ஆனால் அனுமதி இல்லாமல் அதிலிருந்து ஒரு ஆணியைக்கூட அவர்கள் கழற்ற முடியாது.