முதிய வளர்ப்பு முயல் பராமரிப்பு

முதிய வளர்ப்பு முயல் பராமரிப்பு என்பது, முதுமையடைந்த வளர்ப்பு முயலின் உடல் தூய்மையையும் நலத்தையும் பேணுதல் ஆகும். வளர்ப்பு முயல்கள் ஐரோப்பிய முயலின் வழித்தோன்றல்கள் ஆகும். இவை பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. முயல் ஓர் இரை விலங்கு ஆதலால் வலியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. எனவே, பின்னுடல் அழுக்கடைவது நோய்க்கான தொடக்க அறிகுறியாக இருக்கக்கூடும்.

அழுக்கடைவதன் காரணங்கள்

முயல்கள் இருவகைப் புழுக்கைகளை இடுகின்றன. ஒன்று உலர்ந்த உருண்டை வடிவானது. மற்றொன்று குருட்டுக்குடலில் நொதித்து உருவாகும் மென்புழுக்கை. இதில் புரதமும் உயிர்ச்சத்து பி வகைகளும் உள்ளன. முயல் குனிந்து இதனை ஆசனவாயிலிருந்து நேரடியாக உண்ணும். மூட்டழற்சி, முதுகெலும்புத் தேய்வு, உடற்பருமன் ஆகியவற்றால் குனிய இயலாதபோது, மென்புழுக்கை மயிரில் ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. அவ்வாறே, பின்னுடலை உயர்த்த இயலாத முயலின் சிறுநீர் தொடை வழியே வடிந்து, மயிர் உதிர்ந்து தோல் புண்ணாகிறது.

புழுத்தாக்குதல்

அழுக்கடைந்த மயிரில் பச்சை ஈக்கள் முட்டையிடுகின்றன. முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்து, புழுக்கள் தோலையும் தசையையும் அரிக்கின்றன. ஒரு நாள் தாமதமும் உயிரிழப்பில் முடியலாம். ஆகவே வெப்பக் காலத்தில் நாள்தோறும் இருமுறை வாலடிப் பகுதியைப் பார்த்தல் வேண்டும்.

தூய்மைப்படுத்தல்

முயலை முழுமையாகக் குளிப்பாட்டுதல் கூடாது. அச்சத்தாலும் உடல் வெப்பம் குறைவதாலும் அது இறக்க நேரிடலாம். அழுக்கான பகுதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரமின்றி உலர்த்த வேண்டும். முயலின் தோல் மிக மெல்லியது. எனவே சிக்குண்ட மயிரைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், சீப்பினால் சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். தூக்கும்போது மார்பையும் பின்னுடலையும் ஒருசேரத் தாங்க வேண்டும். இல்லையெனில், முயல் உதைக்கும் விசையில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். நாய்களுக்குப் பயன்படும் ஃபிப்ரோனில் என்னும் உண்ணி மருந்து முயலுக்கு நஞ்சாகும்.

இருப்பிடம்

முயலின் பாதத்தில் நாய், பூனைகளுக்கு உள்ளது போன்ற மெத்தைப் பகுதி இல்லை, மயிரே பாதுகாப்பு. எனவே கம்பித் தரையைத் தவிர்த்து, நீரை உறிஞ்சும் மென்மையான விரிப்பை இட்டு, ஈரமானதும் மாற்ற வேண்டும். கழிவுத் தட்டின் விளிம்பு தாழ்வாக இருத்தல் நன்று. உலர்புல்லும் நீரும் அருகிலேயே இருக்க வேண்டும். நகங்களை அவ்வப்போது நறுக்க வேண்டும்.

மருத்துவ உதவி

தூய்மைப்படுத்துவதால் மட்டும் நோயின் காரணம் நீங்குவதில்லை. மூட்டுவலி, பல் நோய், சிறுநீர்ப்பைக் கோளாறு ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரே கண்டறிய முடியும். வலி தணிந்தால் சில முயல்கள் மீண்டும் தாமே தம்மைத் தூய்மைப்படுத்திக் கொள்கின்றன. புழுக்கள் காணப்பட்டாலோ, முயல் அரைநாள் உணவு உண்ணாதிருந்தாலோ, அதனை அவசர நிலையாகக் கொண்டு உடனடியாக மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.