குப்பாயமும் லேஸும்

பெண்ணுக்கும் தையல் என்று பெயர்; ஊசி வேலைக்கும் தையல் என்று பெயர். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் தமிழ், ஊசி பிடித்துப் பிழைத்தவர்களையும் மறக்கவில்லை. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் சிலப்பதிகாரம், அங்கு வாழ்ந்த தொழிலாளரிடையே துன்னகாரர் எனப்பட்ட தையற்காரரையும் சேர்த்தே சொல்கிறது. ஆயினும் தையற்கலையின் சரித்திரத்தில் நாம் மிக விரும்பிப் பார்க்கும் ஊர் புகார் அன்று, நாகர்கோவில்.

1819-ஆம் ஆண்டின் இறுதியில் சார்லஸ் மால்ட் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தா அம்மையாரும் அவ்வூருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்நாளில் அது திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-இல்தான் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு இணைந்தது. அந்தச் சமஸ்தானத்தில் நாடார் முதலிய வகுப்புகளின் பெண்கள் தோளையும் மார்பையும் மூடிக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். மனிதரை விலைக்கு வாங்குவதும் விற்பதும் அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை. அம்மையார் வேதம் பரப்ப வந்தவர். அது பற்றி நம் நேயர்களுக்குப் பலவித அபிப்பிராயங்கள் இருக்கலாம். இருக்கட்டும். அவர் கையோடு கொண்டுவந்த வித்தையைப் பற்றியே நாம் இங்கே பேசுகிறோம்.

பெண்கள் பள்ளியில் எழுத்தோடும் கணக்கோடும் அவர் லேஸ் பின்னுவதையும் சொல்லிக் கொடுத்தார். இந்த வேலை பார்ப்பதற்கு எளிது. கை வைத்தால்தான் தெரியும். இறுகத் திணித்த தலையணை ஒன்று. அதன்மேல் சித்திரத்தின் வடிவத்திற்குத் துளையிட்ட அட்டை. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். நூலை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றுவது, பிறகு முறுக்குவது. வேலை முழுவதற்கும் அடிப்படை இந்த இரண்டு செய்கைகளே. பின்னிய இடம் கலையாதிருக்கக் குண்டூசி ஒன்றைக் குத்திவிட்டு அடுத்த ஜோடிக்குப் போகவேண்டும். ஒரு பூ முழுசாக மலர்வதற்குள் கைகள் நூற்றுக்கணக்கான தடவை மாறிவிடும். நடுவில் ஒரு நூல் தவறினால் வந்த வழியே அவிழ்த்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய விரல்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு அந்நியமாக இராது என்பது நம் எண்ணம்.

லங்காஷயர் ஆலைத் துணி நம் நெசவாளரின் வயிற்றில் அடித்த காலம் அது. அதே காலத்தில் நாகர்கோவில் லேஸை வெள்ளைக்காரச் சீமாட்டிகள் பணம் கொடுத்து வாங்கினார்கள் என்பது சற்றே ஆறுதலான செய்தி. அந்தப் பணம் பின்னிய பெண்களின் கைக்கு வந்தது. சிலர் அதைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். திருவாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி முற்றும் ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, எந்தச் சபையிலும் தீர்மானம் நிறைவேற்றாமல், கட்டை உருட்டியே அடிமைச் சீட்டைக் கிழித்த பெண்கள் இவர்கள்.

லேஸ் பிறருக்கு விற்பதற்கு. தங்களுக்கென்று அப்பெண்கள் தைத்துக்கொண்டது குப்பாயம். தளர்ச்சியாகத் தைத்த ரவிக்கை அது. மிஷனரிகளின் மனைவிமார் அதை வெட்டவும் மூட்டவும் கற்பித்தார்கள். அரை கஜத் துணி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் தோள்சீலைக் கலகத்தின் சரித்திரத்தைப் படிக்கவேண்டும். 1820-களிலும், மறுபடி 1858-59-லும், ரவிக்கை அணிந்த பெண்களைச் சந்தையில் வழிமறித்து அதைக் கிழித்தார்கள். வீடுகளும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னைக் கவர்னர் டிரவெலியன் வற்புறுத்திய பின், 1859-இல் மகாராஜாவின் பிரகடனம் வெளிவந்தது. அப்போதும் மேல்வகுப்பாரைப் போல் மேற்சீலையைத் தோளில் போட அனுமதி இல்லை. ரவிக்கை அணிய அனுமதி உண்டு. அரசாங்கம் முதலில் இறங்கிவந்தது ஊசியால் தைத்த துணிக்குத்தான் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த மார்த்தா அம்மையாரின் வித்தை அவரோடு நின்றுவிடவில்லை. அவருடைய மகள் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். பேச்சுத் தமிழை இந்நாட்டுக் குழந்தைகளோடு குழந்தையாகக் கற்றவர். 1844-இல் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போனார். செம்மணலும் பனைமரமும் நிறைந்த அந்தப் பிரதேசத்தில், பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, தாயிடம் கற்ற லேஸ் வேலையைச் சொல்லிக் கொடுத்தார். இடையன்குடி லேஸ் பிரசித்தி பெற்றது இவ்விதமே. 1856-இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காகக் கணவரைத் தமிழுலகம் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் வைத்தோம். அம்மையாரின் லேஸ் தலையணையை நினைப்பவர் எத்தனை பேர்?

யந்திரம் வந்தபின் இந்தக் கைவித்தை எதற்கு என்று கேட்கலாம். 1924-இல் ஜி. ராமசந்திரன் என்னும் திருவாங்கூர் இளைஞர் டில்லியில் காந்தியடிகளைச் சந்தித்து, எல்லா யந்திரங்களையுமே வெறுக்கிறீர்களா என்று வினவினார். பிற்காலத்தில் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர் இவரே. அடிகள் தையல் யந்திரத்துக்கு மட்டும் தயங்காமல் விலக்கு அளித்தார். மனைவியின் சிரமத்தைக் குறைக்க எழுந்த அன்பிலிருந்து பிறந்தது அது என்பது அவர் கருத்து. ஆகவே காலால் மிதிப்பதில் தோஷமில்லை. ஆனால் கை பழகாமல் காலை ஓட்டினால் துணிதான் பாழாகும்.

நம் வீடுகள் பலவற்றில் அந்த யந்திரம் உறை போர்த்தபடி மூலையில் நிற்கிறது. அருகில் ஓட்டத் தெரிந்த பாட்டியோ அத்தையோ இருக்கிறார். எதிர்வீட்டில் கற்க விரும்பும் பெண் இருக்கிறாள். கோடை விடுமுறையில் இருவரையும் ஒரு பாயில் உட்காரவைத்தால் போதும். முதல் வாரம் யந்திரத்தைத் தொடவிடாமல் வெறும் ஓட்டுத் தையல். கோடு நேராக வந்தபின் மடிப்பு. அதன்பின் பொத்தான், காஜா. பையன்களும் வந்து உட்காரலாம். பழகிக் கெடுப்பதற்குப் பழைய வேட்டி எந்த வீட்டிலும் அகப்படும்.