மீன் குட்டையில் நீர்க்காகம்: சுடுவதா, தடுப்பதா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி, குட்டைகள் நிரம்பி நிற்கும் மார்கழி, தை மாதங்களில் திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. வேப்பம்பட்டில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தைச் சீர்செய்து, 25 சென்ட் பரப்பில் கெண்டை மீன் வளர்க்கும் ஒரு விவசாயி அண்மையில் அதையே கேட்டார். "ஐயா, ரெண்டாயிரம் குஞ்சு வுட்டேன். காலையில பாத்தா கரை முழுக்க நீர்க்காகம். ஏர்கன் வாங்கி நாலு சுட்டாத்தான் அடங்கும்போல இருக்கு, சுடலாமா?"

சுடக்கூடாது என்பதே பதில். நீர்க்காகம், கொக்கு, நாரை, பாம்புத்தாரா, நீர்நாய் ஆகிய யாவும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சுட்டாலும், கண்ணி வைத்தாலும், மீனில் பூச்சி மருந்தைத் தடவிப் போட்டாலும் குற்றமே. மருந்து தடவிய மீனை நாயும் தின்னும், கோழியும் தின்னும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால், சட்டம் தடுக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அந்த விவசாயியின் நஷ்டம் தீராது. குஞ்சு வாங்கிய பணம் போயிற்று. ஆறு மாதத் தண்ணீரும் வீணாயிற்று. ஆகவே, குஞ்சுகள் எங்கே போகின்றன என்று முதலில் பார்ப்போம்.

என் அனுபவத்தில் நேர்ந்த ஒரு தவறைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு விவசாயிக்கு என் யோசனைப்படி ஓர் அங்குலக் குஞ்சுகள் 2,000-ஐக் குட்டையில் விடச் செய்தேன். பங்குனியில் வலை போட்டபோது நூறு மீன்கூடத் தேறவில்லை. "எல்லாம் கொக்கு, நீர்க்காகம் வேலை" என்று அவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். கடைசியில் மிச்சத் தண்ணீரை இறைத்தபோது சேற்றிலிருந்து முழங்கை நீளத்தில் பன்னிரண்டு விரால்கள் துள்ளின. கெளுத்தியும் ஒரு கூடை கிடைத்தது. பறவைகள் கொஞ்சம் தின்றிருக்கும்; பெரும்பங்கு தின்றவை தண்ணீருக்குள்ளேயே இருந்தன. குஞ்சு விடும் முன் குட்டையைச் சுத்தம் செய்யச் சொல்ல நான் மறந்திருந்தேன்.

பறவை கண்ணுக்குத் தெரிகிறது, விரால் தெரிவதில்லை. இதுதான் சிக்கல்.

இதே சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கு சால்மன் என்ற மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். நமது காவிரியில் உல்ல மீன் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் அதன் வழி அடைபட்டது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றிலும் அணைகள் எழுந்தன. மீன் ஏறுவதற்கென்று அணைகளில் படிகள் கட்டினார்கள். படியின் வாயில் குறுகலானது. அங்கே மீன்கள் திரண்டு நிற்பதைக் கண்டுகொண்ட கடற்சிங்கங்கள், கடலை விட்டு ஆற்றுக்குள் வந்து, இலை போட்ட பந்தியில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டன.

சியாட்டில் நகரில் கடலையும் ஏரியையும் இணைக்கும் ஒரு மதகில், 1980-களில் ஆயிரக்கணக்கில் ஏறிய ஸ்டீல்ஹெட் என்ற சால்மன் இன மீன் 1990-களில் நூற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. கடற்சிங்கங்களை விரட்ட நீருக்கடியில் வெடி வைத்தார்கள். சிலவற்றைப் பிடித்துத் தொலைதூரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அவை திரும்பி வந்தன. 1996-இல், கடற்சிங்கத்தையே வேட்டையாடும் ஓர்க்கா திமிங்கிலத்தைப் போல் கண்ணாடி இழையில் ஒரு பொம்மை செய்து தண்ணீரில் நிறுத்தினார்கள். நம் கொல்லையில் சட்டி கவிழ்த்து நிறுத்தும் சோளக்கொல்லைப் பொம்மைக்கும் அதற்கும் விலையில்தான் வித்தியாசம்!

அங்கும் கடற்சிங்கத்தைக் காக்கும் சட்டம் 1972-இல்தான் வந்தது. பின்னர் அதைத் திருத்தி, குறிப்பிட்ட இடங்களில் மட்டும், அரசே சில கடற்சிங்கங்களைப் பிடித்துக் கொல்ல அனுமதித்தார்கள். 2018-இல் அந்த அனுமதி மேலும் விரிந்தது. வில்லமெட் அருவி என்ற இடத்தில் 33 கடற்சிங்கங்களை அகற்றியபின் அங்கு ஏறும் மீன் கூடியது உண்மை. அது ஒரே இடத்தில் பழகிப்போன, எண்ணி அடையாளம் காணக்கூடிய சில பிராணிகளின் கதை.

பறவைகளிடம் இந்த உபாயம் பலிக்கவில்லை. அதே கொலம்பியா ஆற்று முகத்துவாரத்துத் தீவு ஒன்றில், சால்மன் குஞ்சுகளைக் காப்பதற்கென்று 2015 முதல் 2017 வரை அரசே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்க்காகங்களைச் சுட்டது. மிஞ்சிய பறவைகள் தீவைக் கைவிட்டு, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் பாலத்தில் கூடு கட்டின. தீவில் இருந்தபோது அவற்றுக்குக் கடல் மீனும் இரையாயிற்று. மேலே போனபின் சால்மன் குஞ்சே முக்கிய இரையாயிற்று. காப்பாற்றப் போன குஞ்சுக்கே சேதம் கூடியது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். பூண்டி நீர்த்தேக்கம், திருநின்றவூர் ஏரி, சிறு தாங்கல்கள் என்று இரை கிடைக்கும் இடமெல்லாம் நீர்க்காகம் சுற்றி வருகிறது. பத்தைச் சுட்டால் அடுத்த நாள் வேறு பத்து வரும். வேடந்தாங்கல் விவசாயிகளோ இதே பறவைகளைப் பல தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. ஏரிப் பாசனக்காரருக்கு லாபமாக இருப்பது குட்டைக்காரருக்கு நஷ்டமாக இருக்கிறது. இதில் பறவையின் குற்றம் எதுவுமில்லை.

இனி செய்ய வேண்டியவை. முதல் வேலை, குஞ்சு விடும் முன் குட்டையைக் காய வைப்பது. தரை பாளம் பாளமாக வெடிக்கும் வரை காய வேண்டும். விரால் காற்றைச் சுவாசிக்கக் கூடியது. ஈரச் சேற்றில் புதைந்து உயிர் பிழைத்துவிடும். ஊற்று இருப்பதால் காய வைக்க முடியாத குட்டையானால் இலுப்பைப் புண்ணாக்கு இடலாம். ஒரு மீட்டர் ஆழமுள்ள 25 சென்ட் குட்டைக்கு 250 கிலோ தேவை. இது கட்டுப்படியாகாது என்பீர்கள். தண்ணீரை ஓரடிக்கு இறைத்துவிட்டு இட்டால் 75 கிலோ போதும். பிறகு நீரை நிரப்பிக் கொள்ளலாம். புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துக் குட்டை முழுவதும் பரவலாகத் தெளிக்க வேண்டும். சில மணி நேரத்தில் களை மீன்கள் மேலே வந்து மிதக்கும். அவற்றைச் சமைத்து உண்ணலாம், விற்கலாம். மூன்று வாரம் கழிந்தபின்பே குஞ்சு விட வேண்டும். அதற்குள் புண்ணாக்கின் நஞ்சு நீங்கி, அதுவே குட்டைக்கு உரமாகிவிடும்.

விரால் கெட்ட மீன் என்று சொல்லவில்லை. சந்தையில் கட்லாவைவிட விராலுக்கே விலை அதிகம். அதைத் தனிக் குட்டையில் வளர்த்தால் நல்ல தொழில். கெண்டைக் குஞ்சோடு விடுவதுதான் ஆகாது.

நீர் வரும் வாய்க்காலில் நெருக்கமான கம்பி வலை பொருத்தாவிட்டால் மேற்சொன்ன உழைப்பு முழுவதும் முதல் மழையிலேயே பாழ். கரையைச் சுற்றி இரண்டடி உயர நைலான் வலை கட்டினால் தவளை, தண்ணீர்ப்பாம்பு வரவும் குறையும்.

இரண்டாவது, குஞ்சின் அளவு. இதையே நான் மிக முக்கியம் என்பேன். நமது சிறு நீர்க்காகம் அரைக் கிலோ எடையுள்ள பறவை. ஓரங்குலக் குஞ்சு அதற்குச் சுண்டல் மாதிரி. நான்கு அங்குலம் வளர்ந்த குஞ்சு வேகமாக நீந்தித் தப்பும். சீக்கிரமே விழுங்க முடியாத பருமனுக்கும் வந்துவிடும். ஆறு மாதமே நீர் நிற்கும் 25 சென்ட் குட்டைக்கு இப்படிப்பட்ட குஞ்சுகள் 500 போதும். சிறு குஞ்சு 2,000 வாங்கும் பணத்தில் பெருங்குஞ்சு 500 வாங்குவதே மேல். சிறு குஞ்சுதான் கிடைக்கிறது என்றால், நெருக்கமான நைலான் வலையில் தொட்டி போலத் தைத்து, குட்டைக்குள்ளேயே நான்கு கம்பு நட்டுக் கட்டி, மேலே மூடி, அதில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொடுத்து வளர்த்த பின்பு திறந்துவிடலாம்.

மூன்றாவதாகப் பறவைக்கு வருகிறேன். கொக்கும் நாரையும் நீந்துவதில்லை. ஆழமற்ற ஓரத்தில் நின்று குத்துகின்றன. கரையோரத்தைச் சரிவாக விடாமல், இறங்கியவுடன் இரண்டு, மூன்றடி ஆழம் இருக்கும்படி வெட்டினால் அவை நிற்க இடமிருக்காது. குழந்தைகள் நடமாடும் இடமாக இருந்தால் வேலி அவசியம். நீர்க்காகம் நீரில் இறங்கி முக்குளித்துப் பிடிக்கும். மேலே எழும்ப அதற்கு நீர்ப்பரப்பில் சிறிது தூரம் ஓட வேண்டும். நனைந்த இறகை உலர்த்த உட்காரவும் இடம் வேண்டும். ஆகவே குட்டைக்குள் நிற்கும் பட்டுப்போன கிளை, முளைக்குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். நெல் வயலில் பறவைத் தாங்கி நடச் சொல்லும் நாங்களே குளத்தில் பிடுங்கச் சொல்கிறோமே என்று சிரிக்க வேண்டாம். அங்கே வரும் கரிச்சான் புழுவைத் தின்கிறது.

பிறகு, நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே, கரைக்குக் கரை தடித்த நைலான் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, இடையிடையே பளபளக்கும் நாடா தொங்கவிட வேண்டும். ஒரு காலத்தில் பழைய கேசட் நாடாவைக் கட்டினோம். இப்போது அது கிடைப்பதில்லை, கடையில் விற்கும் சரிகைத் தாள் போதும். மெல்லிய மீன் வலையை விரித்து மூடாதீர்கள். பறவை சிக்கிச் சாகும், வலையும் கிழியும். பொம்மை, நாடா எதுவானாலும் நான்கு நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றாவிட்டால் பறவை பழகிவிடும். சியாட்டில் கடற்சிங்கத்துக்குப் பழகியது நம் நீர்க்காகத்துக்குப் பழகாதா? விடியற்காலையில் யாராவது ஒருவர் கரையைச் சுற்றி வருவதுபோல் எதுவும் பயன் தராது. தீவனம் போடும் வேளையையே அதற்கென வைத்துக் கொள்ளலாம்.

மீன் ஒளிய இடமும் கொடுக்க வேண்டும். பனை ஓலைக் கட்டு, உடைந்த சிமெண்டுக் குழாய்களை நடு ஆழத்தில் போட்டு வைத்து, பிடிக்கும் முன் எடுத்துவிடலாம்.

மீன் விதை பற்றி மீன்வளத் துறையினரிடமும், பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். குட்டை அமைப்பு பற்றித் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். வேப்பம்பட்டு விவசாயி இந்த ஆண்டுக்கு என்ன செய்வது என்று கேட்டார். இருக்கும் மீனுக்குக் கயிறு கட்டச் சொன்னேன். மாசி, பங்குனியில் நீர் இரண்டடிக்கு இறங்கும் முன்பே வலை போட்டுவிடச் சொன்னேன். நீர் வற்ற வற்ற மீன் நெருங்கி நிற்கும். எடை கூடட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தால், சுற்று வட்டாரத்து நாரையெல்லாம் நமக்கு முன்பே அறுவடைக்கு வந்துவிடும்.